ஒரே நிலத்தில் பயிரும் கரண்டும்: இந்த யோசனை வந்த கதை

(வானொலியில் பேசியது)



சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காய்ந்து போவதற்குள், நிற்கிற நெல்லுக்கு நடுவே உளுந்தைத் தெளித்து விடுகிறோம். மேலே கதிர் முற்றிக்கொண்டிருக்கும், கீழே உளுந்து முளைத்துக்கொண்டிருக்கும். ஒரே நிலம், ஒரே ஈரம், கொஞ்ச நாளைக்கு இரண்டு பயிருக்கும் பங்கு. கீரப்பாளையம் வட்டாரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது மேலே சூரிய ஒளித் தகடு, கீழே பயிர் என்று ஒரு ஏற்பாட்டைப் பற்றி அங்கங்கே பேச்சு அடிபடுகிறது. "கால் நட்டுத் தகடு போட்டா கரண்டும் கிடைக்கும், கீழே வெள்ளாமையும் பண்ணலாமாமே, நெசந்தானா சார்?" என்று கேட்கிறீர்கள். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு நெலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்தா கையெழுத்துப் போடலாமா?" என்றும் கேட்கிறீர்கள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த யோசனை எங்கே பிறந்தது, ஏன் இத்தனை வருஷம் தூங்கியது, எந்தெந்த நாட்டில் என்ன நிபந்தனை போட்டு அனுமதித்தார்கள் என்ற கதை தெரிந்தால், பதிலை நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். அதனால் கதையையே சொல்கிறேன்.

முதலில் நம் பக்கத்துக் கதை. மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் நெய்வேலியில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் கரண்ட் உற்பத்தி ஆரம்பம். ரஷ்ய நாட்டு உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் அது. சென்னை மாகாணம் முழுதும் விளக்கு எரிய, பம்புசெட் ஓட, தென்னாற்காடு மாவட்டத்து நிலம் வழிவிட்டது. கிராமங்கள் இடம் மாறின. அந்தக் கரண்டால் தமிழ்நாடு முன்னேறியது என்பதும் உண்மை, வழிவிட்டவர்கள் மனதில் குறை இருந்தது என்பதும் உண்மை.

அதே காலத்தில் ஏற்றமும் கவலையும் போய் பம்புசெட் வந்தது. மோட்டார் வந்த பிறகு மின் கட்டணம் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை ஆனது. 1970-ல் பைசாக் கணக்கில் உயர்ந்த கட்டணத்தை எதிர்த்துக் கோவை மாவட்டத்தில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரை விட்டார்கள். நாராயணசாமி நாயுடு பேரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது இப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அடுத்தது நேற்று நடந்தது மாதிரி இருக்கிற சங்கதி. 2023 ஜூலை 26-ஆம் தேதி, சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், சுரங்க வேலைக்கு வாய்க்கால் வெட்ட, நின்ற நெற்பயிர் மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாகி விட்டது என்றது நிறுவனம். கொடுத்தது போதாது, பயிர் நிற்கும்போது இறங்கலாமா என்றார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி ஆயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கதிர் வரும் நேரத்துப் பயிரின் மேல் சக்கரம் ஏறுவதைப் பார்த்த எவருக்கும் சோறு இறங்கியிருக்காது. அதே வருஷம் ஏப்ரலில், ஏலப் பட்டியலில் இருந்த சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள நிலக்கரிப் பகுதியை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. தமிழக அரசும் விவசாயிகளும் சேர்ந்து எதிர்த்ததன் பலன் அது. அதற்கு முன்னாலேயே, 2020-ல், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக ஆக்கிச் சட்டம் வந்துவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு நம் கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. கீரப்பாளையமும் ஒன்று.

ஆக, ஊருக்குக் கரண்டும் வேண்டும், சோறும் வேண்டும், இரண்டும் ஒரே நிலத்தைக் கேட்கிறது. சூரிய மின்சாரம் புகையில்லாதது, குழி தோண்டாதது என்றாலும், இடம் கேட்பதில் அதுவும் சளைத்ததல்ல. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது அது பிடித்த இடம் ஏறக்குறைய 2,500 ஏக்கர். கமுதி வறண்ட சீமை, பொறுக்கும் என்று சொல்லலாம். வீராணத் தண்ணீர் பாயும் நிலத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. ஆயிரம் வருஷமாகச் சோறு போடுகிறது. 2004-லிருந்து சென்னைக்குக் குடிதண்ணீரும் கொடுக்கிறது. அதன் பாசனத்தில் தகட்டை மட்டும் விரித்துவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

இந்தச் சங்கடம் முதலில் ஒரு விஞ்ஞானிக்குத்தான் பட்டது. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் என்ற ஊர். 1981-ல் அங்கே சூரிய சக்தி ஆராய்ச்சிக்கென்றே ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர். அப்போது சூரிய ஒளித் தகடு அரிதாகத்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-லேயே பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்றாலும், வேலைக்கு ஆகிற சிலிக்கான் மின்கலம் 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில்தான் வந்தது. விழுகிற வெயிலில் ஆறு சதவீதத்தை அது கரண்டாக்கியது. இப்போது கடையில் கிடைப்பது இருபது சதவீதத்துக்குக் குறையாமல் ஆக்குகிறது.

கோட்ஸ்பெர்கர் கேட்ட கேள்வி இதுதான்: நாளைக்கு ஊர் ஊராகத் தகடு விரித்தால், உருளைக்கிழங்கு போட நிலம் எங்கே? அவரும் ஸாஸ்ட்ரோ என்ற சக விஞ்ஞானியும் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பே 'தகட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு' என்ற பொருள்படும். தகட்டைத் தரையோடு தரையாகப் போடாமல் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள், வரிசைக்கு வரிசை தாராளமாக இடைவெளி விடுங்கள், நிழல் ஒரே இடத்தில் குந்தாமல் வெயிலோடு சேர்ந்து நகரும், பயிருக்கு மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம் ஏறக்குறைய சமமாகக் கிடைக்கும் என்றார்கள். கேட்க எளிது. இதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை.

"மூணுல ஒரு பங்கு வெளிச்சம் போனா பயிர் தாங்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பச்சையம் வெயிலை வைத்துச் சோறாக்குகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் விழுகிற வெயிலில் ஒன்றிரண்டு சதவீதம்தான் பயிரில் விளைச்சலாகச் சேர்கிறது. நெல், உளுந்து, கத்தரி, மிளகாய் போன்றவற்றின் தனி இலைக்கு ஒரு அளவுக்கு மேல் வெயில் ஏறினால் பிடித்துக்கொள்ள முடியாது. பந்தியில் வயிறு நிறைந்தவர் இலையில் இன்னும் பரிமாறினால் என்ன ஆகும், அதேதான். உச்சி வெயிலில் மேல் இலை நிறைந்து வழிகிறது, அடியிலை பட்டினி கிடக்கிறது. கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் வேறு ஜாதி. எவ்வளவு வெயில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே தகட்டு நிழலில் கரும்பு போடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிழலில் பயிர் வளர்ப்பது நமக்கே தெரிந்த கலைதான். கும்பகோணத்துப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தியை நட்டுக் கொடியையும் ஏற்றி நிழலையும் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு உதாரணம், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தார் நம் மாவட்ட வயல்களில் பரப்பிய நெல், மீன், கோழி முறை. நெல் வயலில் கால் நட்டு, பயிருக்கு மேலே கோழிக்கூண்டு கட்டினார்கள். எச்சம் கீழே விழுந்தது, மீனுக்குத் தீனி, நெல்லுக்கு உரம். நெல்லுக்கு மேலே ஒரு கட்டுமானத்தை நிறுத்தி அதிலும் வருமானம் பார்க்கலாம் என்பதை இந்த மண்ணில் முதலில் காட்டியது சூரியத் தகடு அல்ல, கோழிதான்.

கோட்ஸ்பெர்கரின் யோசனை இருபது வருஷத்துக்கு மேல் தாளிலேயே கிடந்தது. காரணம் விலை. 1977-ல் ஒரு வாட் தகட்டுக்கு எழுபது டாலருக்கு மேல். இப்போது கால் டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. தங்கத்தை வெயிலில் காய வைக்க யாரும் கால் நட மாட்டார்கள் அல்லவா? விலை சரிந்த பிறகுதான் வயலுக்கு வந்தது.

வயலுக்கு முதலில் கொண்டுவந்த பெருமை ஜப்பானியர் நாகாஷிமாவுக்கு. இவர் விவசாய இயந்திரங்களை வடிவமைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு உயிரியல் படித்து, இலைக்கு வெயில் நிறைந்து வழிகிற சங்கதியைத் தெரிந்துகொண்டு, 2004 வாக்கில் ஒரு அமைப்பைச் செய்தார். கான்கிரீட் இல்லாமல் வெறும் குழாய்க் கால்கள், மேலே இடைவெளி விட்டுக் குறுகலான தகடுகள். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். வெயிலைப் பங்கு போட்டுக்கொள்வது என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். நம்ம ஊர் ஆளாக இருந்தால் 'வாரம்' என்று பெயர் வைத்திருப்பார்.

2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. 2012-ல் ஜப்பான் அரசு சூரிய மின்சாரத்துக்கு நல்ல விலை அறிவித்தது. உடனே விவசாய நிலத்தின் மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. அங்கேதான் அவர்கள் புத்திசாலித்தனம். 2013-ல் விவசாய அமைச்சகம் ஒரு விதி போட்டது. கால் நடும் இடத்துக்கு மட்டும், அதுவும் மூன்று வருஷத்துக்கு மட்டும் அனுமதி. கீழே விவசாயம் நடந்தே தீர வேண்டும். மகசூல் அந்த வட்டாரச் சராசரியில் எண்பது சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அனுமதி புதுப்பிக்கப்படாது, தகட்டைக் கழற்ற வேண்டியதுதான். பிறகு 2018-ல் சிலவகை நிலங்களுக்குக் காலத்தைப் பத்து வருஷமாக நீட்டினார்கள். ஆனால் எண்பது சதவீதம் என்ற கோடு அப்படியே இருந்தது. பிரான்ஸ் இன்னும் கறார். அங்கே 2023-ல் சட்டமும் 2024-ல் விதிகளும் வந்தன. தகடு இல்லாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டு, விளைச்சல் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு 2011-ல் அறிவியல் பெயர் சூட்டியவர்களும் பிரான்சில் மான்பெல்லியே ஊர் ஆராய்ச்சியாளர்கள்தான்.

ஜெர்மனிக்கே திரும்புவோம். கட்டுரை வந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2016-ல், ஹெகல்பாக் என்ற ஊரில் ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் 194 கிலோவாட் தகட்டை ஐந்து மீட்டர் உயரத்தில் நிறுத்தினார்கள். அடியில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் தாராளமாகப் போகும். கோதுமை, உருளைக்கிழங்கு, செலரி வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கு, தீவனப்புல் என்று நான்கு பயிர் போட்டார்கள். 2017-ல் கோதுமையும் உருளைக்கிழங்கும் இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். 2018-ல் ஐரோப்பாவில் கடும் வறட்சி, காய்ச்சல். அந்த வருஷம் தகட்டின் கீழே இருந்த உருளைக்கிழங்கு பதினோரு சதவீதம் கூடுதல், கோதுமை மூன்று சதவீதம் கூடுதல். நிழல் ஈரத்தைக் காத்துக் கொடுத்தது.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் 2019-ல் வெளிவந்த ஆய்வு இதையே இன்னும் பலமாகச் சொன்னது. தகட்டின் கீழே காட்டு மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது, தக்காளி இரண்டு மடங்கு. பயிர் விடுகிற ஈரமூச்சால் தகடும் குளிர்ந்தது. தகடு சூடேறினால் கரண்ட் குறையும். அதனால் பயிருக்கும் லாபம், தகட்டுக்கும் லாபம். ஆனால் அங்கே காற்றில் ஈரம் கிடையாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே தண்ணீராகத்தான் இருக்கிறது. பாலைவனத்து மூன்று மடங்கைப் படித்துவிட்டுச் சிதம்பரத்தில் சேற்றுக்கால் நடக் கூடாது.

இந்த ஹெகல்பாக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 2017-ல் அந்த நிலத்தின் பலன் நூற்றறுபது சதவீதம் என்று அறிவித்தார்கள். எப்படி? ஒரு ஏக்கர் முழுக்கப் பயிர் வைத்தால் நூறு, முழுக்கத் தகடு வைத்தால் கரண்ட் நூறு. இரண்டையும் சேர்த்து வைத்தபோது பயிரில் ஏறக்குறைய எண்பது, கரண்டில் ஏறக்குறைய எண்பது. கூட்டினால் நூற்றறுபது. நிலத்தின் கணக்கில் இது பிரமாதம். ஆனால் மனிதர்களின் கணக்கில் கேளுங்கள்: கரண்டின் எண்பது யார் மடியில் விழுகிறது? பயிரில் போன இருபது யார் மடியிலிருந்து போகிறது? தகடும் வயலும் ஒருவருடையது என்றால் கவலை இல்லை, ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுகிறார். தகடு கம்பெனியுடையது, வாடகை நிலக்காரருக்கு, சாகுபடி குத்தகைக்காரருடையது என்றால்? நம் பகுதியில் கோயில் நிலத்தையும் பிறர் நிலத்தையும் பயிர் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நூற்றறுபது என்ற அழகான எண்ணுக்குள்ளே அவர்கள் இருபதை இழந்துகொண்டு நிற்பார்கள். ஜப்பானும் பிரான்சும் மகசூலுக்குக் கோடு போட்டது ஏன் என்று இப்போது விளங்கும். கோடு இல்லாவிட்டால், மெல்ல மெல்லக் கீழே பயிர் பேருக்கு ஆகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ராஜஸ்தானில் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் 105 கிலோவாட் தகட்டை நிறுத்தி, வரிசைகளுக்கு நடுவே பாசிப்பயறு, கொத்தவரை, கத்தரி எல்லாம் போட்டுப் பார்த்தது. அவர்கள் செய்த நல்ல வேலை ஒன்று: தகட்டின் மேல் விழும் மழையைக் கால்வாய் வைத்துத் தொட்டியில் சேர்த்து, தகடு கழுவவும் பாசனத்துக்கும் பயன்படுத்தினார்கள். அப்படிச் சேர்க்காவிட்டால் தகட்டு விளிம்பிலிருந்து கொட்டும் தண்ணீர் ஒரே கோட்டில் விழுந்து மண்ணைப் பறித்துவிடும். கூரைத் தாழ்வாரத்தில் குழி விழுவதைப் பார்த்திருக்கிறீர்களே, அதுதான். கேரளத்தில் கொச்சி விமான நிலையம் 2015-ல் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. அங்கே தகடு வரிசைகளுக்கு நடுவே காய்கறி போடுகிறார்கள். தகடு கழுவுகிற தண்ணீரே பாசனம். களை எடுக்கிற கூலியும் மிச்சம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது குஜராத்தில் கேடா மாவட்டத்து டுண்டி கிராமம். அங்கே பயிருக்கு மேலே தகடு என்பது முக்கியமில்லை, கரண்டும் விவசாயியின் பயிராயிற்று என்பதுதான் முக்கியம். டீசல் இன்ஜினில் இறைத்துக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய பம்பு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இறைக்க வேண்டிய நேரத்தில் இறைத்தார்கள். மற்ற நேரத்தில் கரண்டை மின்வாரியத்துக்கு விற்றார்கள். 2016-ல் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு, இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம். விற்றால் காசு என்றதும் தண்ணீரை வீணாக இறைப்பது குறைந்தது. நிலத்தடி நீருக்கும் நல்லதாயிற்று. இங்கே நூற்றறுபதும் ஒரே மடியில் விழுந்தது.

"அப்படின்னா நாமளும் செய்யலாமே" என்று சொல்வதற்கு முன், ஆரம்பத்தில் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதை எடுங்கள். நமக்கு மோட்டார் கரண்ட் இலவசம். டுண்டிக்காரர் டீசலுக்குச் செலவழித்ததைத் தகடு மிச்சப்படுத்தியது. நமக்கு மிச்சப்பட அங்கே பைசா இல்லை. ஆகவே மின் இணைப்பு உள்ளவருக்குத் தகட்டினால் பெரிய லாபம், கரண்டை விற்க வழி இருந்தால் மட்டுமே. இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவருக்கும், ஆயில் இன்ஜினில் இறைப்பவருக்கும் சங்கதி வேறு. 2019-ல் மத்திய அரசு பி.எம். குசும் என்ற திட்டத்தை அறிவித்தது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், நம்ம ஊர் குசும்பு இல்லை. அதில் தனி சூரிய பம்புக்கு மானியம் ஒரு பகுதி. துணைமின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயிகளே நிலையம் அமைத்து விற்கலாம் என்பது இன்னொரு பகுதி. விளைநிலமாக இருந்தால் கால் நட்டு உயர்த்தி, கீழே பயிர் செய்ய வேண்டும் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் மகசூல் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற கோடு அதில் இல்லை.

பம்புக்கு மட்டும் என்றால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. 5 குதிரைசக்தி மோட்டாருக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் தகடு வேண்டும். அது ஒரு சென்டுக்குள் அடங்கும். போர் மேட்டிலோ களத்து மேட்டிலோ நிறுத்தினால் நடவு நிலத்தில் ஒரு கதிர்கூடக் குறையாது. அடியில் சேப்பங்கிழங்கோ கீரையோ போட்டுக்கொள்ளலாம்.

நெல்லுக்கு மேலேயே நிறுத்துவது பற்றி ஜப்பானியர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மகசூல் எண்பது சதவீதமாவது நிற்க வேண்டுமானால், நிழல் 27 முதல் 39 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. நம் பட்டத்தை வைத்துப் பார்த்தால், குறுவைக்கு ஆனி, ஆடியில் வெயில் கொளுத்துகிறது, கொஞ்சம் நிழலைத் தாங்கும். சம்பா அப்படி இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, பல நாள் சூரியனையே காணோம். அதே நேரத்தில்தான் கதிர் உருவாகி, பூத்து, பால் பிடிக்கிறது. நெல்லுக்கு வெளிச்சக் குறைவு மிகவும் உறைக்கிற பருவமும் அதுதான். பதர் கூடும். பி.பி.டி. 5204 போட்டிருந்தால் குலை நோய்க்கு ஏற்கெனவே பயம், நிழலும் ஈரமும் சேர்ந்தால் இலையுறைக் கருகலும் வரும். ஆகவே சம்பா நெல்லுக்கு மேலே தகடு என்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேட்டுப் பாங்கான நிலத்தில் மிளகாய், கத்தரி, கீரை, மஞ்சள் என்றால் யோசிக்கலாம்.

இன்னொன்று காற்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த காற்று அது. ஐந்து மீட்டர் உயரத்தில் விரித்த தகடு, காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. ஜோத்பூரிலும் ஃப்ரைபுர்க்கிலும் போட்ட கால் கணக்கு நம் களிமண்ணுக்கும் நம் புயலுக்கும் பொருந்தாது. கால் எத்தனை அடி ஆழம், எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டது, விழுந்தால் அப்புறப்படுத்துவது யார், பயிர் நஷ்டம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது கார்த்திகை மழையில் நிற்காது. கால்களுக்கு நடுவே பெல்ட் அறுப்பு மிஷின் திரும்புகிற அகலம் இருக்கிறதா என்று, மிஷின்காரரையே கூட்டி வந்து பாருங்கள். வாய்க்கால் மேலும் வடிகால் மேலும் கால் விழக்கூடாது. கீழே சாகுபடி செய்பவர் வேறு ஆள் என்றால், வாடகையில் அவருக்கு எவ்வளவு என்பதும் அதே பத்திரத்தில் வர வேண்டும். சட்டத்தில் மகசூல் கோடு இல்லை என்றால் என்ன, பத்திரத்தில் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வயல் சராசரியில் எண்பதோ தொண்ணூறோ, குறைந்தால் குறைந்த மூட்டைக்குக் காசு என்று ஒரு வரி. அந்த வரியை எழுத மாட்டேன் என்கிற ஆளிடம் கையெழுத்துப் போட அவசரம் ஒன்றும் இல்லை.

பேசி முடிப்பதற்குள் ஒரு வேலை சொல்கிறேன், செலவில்லாதது. வருகிற சம்பாவில், நடவு பிடித்த பிறகு, வயலில் ஒரு சென்ட் அளந்து நாலு மூங்கில் நடுங்கள். தலைக்கு மேலே தென்னங்கீற்றைப் பட்டை பட்டையாக, ஒரு பங்கு மூடி இரண்டு பங்கு திறந்து, வடக்குத் தெற்காகக் கட்டுங்கள். கீற்று சாய்ந்தால் திருப்பிக் கட்டுங்கள். அதே உரம், அதே தண்ணீர், பக்கத்திலேயே மூடாத ஒரு சென்ட். தையில் இரண்டையும் தனித்தனியாக அறுத்து, பதர் தூற்றி, மரக்காலால் அளந்து எழுதி வையுங்கள். அறுத்த பிறகு அதே இரண்டு சென்டில் நிற்கிற உளுந்தையும் மாசி, பங்குனியில் அளந்துகொள்ளுங்கள். அந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கீரப்பாளையம் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டு வாருங்கள், ஜெர்மன்காரர் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.